சுமை தூக்கும் கருவியும் நம் இளைஞரும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவையொட்டி ஆறுமுகநேரியில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு ஊன்றுகோலாய் நின்றுவரும் இச்சங்கத்தின் விழாவில், நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய சிறு பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு, காற்றழுத்தத்தால் சுமை தூக்குவதும் தொலைவில் இருந்தே இயக்கக்கூடியதுமான ஒரு கிரேன் லாரியை வடிவமைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். விளையாட்டுச் சாமானைப் பற்றியா இந்த மேடையில் பேசுவது என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். சுமை என்றால் என்னவென்று நம்மைப் போல் அறிந்த மக்கள் குறைவு. ஆகவே, சுமையைத் தூக்கும் கருவியின் நுட்பத்தை நம் பிள்ளைகள் அறிவது நமக்கு விளையாட்டுக் காரியம் ஆகாது.

நம் ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். பாத்தியில் விளைந்த உப்பை வாரி, கூடையில் நிரப்பி, தலையில் சுமந்து சென்று அம்பாரமாகக் குவிக்கும் வேலையை ஆணும் பெண்ணும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்துள்ளனர். தூத்துக்குடியிலோ, பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமையால், கப்பல்கள் கரையை அணுகாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகள் தோணியில் ஏறி, தோணியில் இருந்து மனிதர் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தன. 1974 ஜூலை 11-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இன்று இருபது அடி, நாற்பது அடி நீளமுள்ள இரும்புப் பெட்டகங்களைக் கிரேன் ஒன்றே தூக்கிக் கப்பலில் வைத்துவிடுகின்றது. மேலே கண்ணாடி அறையில் ஒருவர் அமர்ந்து அதனை இயக்குகின்றார். மனிதரின் முதுகில் இருந்த பாரம் இயந்திரத்தின் கைக்கு மாறிவிட்டது. அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் யார், இயக்குபவர் யார், பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்விகளை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் சிறிய லாரியைப் பார்ப்போம்.

முதலில் கட்டைகளின் வரலாறு. லிவர்பூல் என்னும் ஆங்கிலத் துறைமுக நகரில் கணக்கெழுதும் வேலையில் இருந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், தம் பிள்ளைகளுக்காகத் தகரத் தகடுகளில் துளையிட்டு, திருகாணிகளால் இணைத்துப் பாலமும் கிரேனும் செய்து கொடுத்தார். 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகம் அறிந்த விளையாட்டுக் கருவி அதுவே. டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய பட்டறையே பின்னாளில் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களும் கொண்டு இறுகப் பற்றிக்கொள்ளும் கட்டைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணிதவியலார் கணக்கிட்டுள்ளனர். கணக்கெழுதுபவரும் கிராமத்துத் தச்சரும் தொடங்கிய காரியம் இவ்வளவு தூரம் வந்துள்ளது. கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் பழக்கமுள்ள நாட்டில் வாழும் நாம் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

1977-இல் பற்சக்கரமும் அச்சும் கொண்ட தொழில்நுட்பக் கட்டைகள் வெளிவந்தன. 1984-இல் அவற்றோடு காற்று உருளைகளும் சேர்ந்தன. 2015-இல் வந்த அரோக்ஸ் லாரியின் மாதிரியில் 2793 துண்டுகள். காற்றழுத்தத்தால் இயங்கும் கிரேனும் அதில் உண்டு. எனினும் காற்றைத் திறந்துவிடும் வால்வுகளை அதில் கையாலேயே திருப்ப வேண்டும். அதனைத் தொலைவில் இருந்து இயக்க விரும்புபவர், தம் சொந்த அறிவைக் கொண்டு மேற்கொண்டு வடிவமைக்க வேண்டும். நம் வேலையும் அங்கேதான் தொடங்குகின்றது.

வடிவமைப்பு என்பது கட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஆரம்பமாகின்றது. எவ்வளவு எடையை, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்திற்குத் தூக்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் காற்று உருளையின் உள்விட்டம் 12 மி.மீ. என்று கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.13 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ வீதம் காற்றழுத்தம் தந்தால், அதன் தண்டு ஏறத்தாழ 2.26 கிலோ விசையோடு தள்ளும். கிரேனின் கை கீல் போட்ட இடத்தில் இருந்து 24 செ.மீ. நீளம், உருளை அக்கையை முட்டித் தூக்கும் இடம் கீலில் இருந்து 3 செ.மீ. தூரம். நெம்புகோல் விதிப்படி, நுனியில் கிடைக்கும் விசை எட்டில் ஒரு பங்கே. அதாவது ஏறத்தாழ 280 கிராம். கையின் சொந்த எடையும் உராய்வும் இதிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆனால் தண்டு ஒரு செ.மீ. நகர்ந்தால் நுனி எட்டு செ.மீ. உயரும். விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகின்றோம். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் இயற்கை கொடுப்பதில்லை.

அடுத்து, காற்று. காற்றை அமுக்கினால் அதன் கன அளவு குறையும், அழுத்தம் கூடும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் விதியாக எழுதினார். நம் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் இதனைத் தங்கள் நெஞ்சுக்கூட்டிலேயே அறிந்திருந்தார்கள். கல்லைப் பற்றிக்கொண்டு பாருக்கு இறங்கும் குளியாளின் மீது, பத்து மீட்டர் ஆழத்தில் நிலத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு அழுத்தம். நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மும்மடங்கு அழுத்தம். காற்று மூன்றில் ஒரு பங்காகும். நாம் உருளையில் செலுத்தும் 2 கிலோ அழுத்தம், அந்த இருபது மீட்டர் ஆழத்தில் கடல் கூடுதலாகத் தரும் அழுத்தத்திற்கு ஏறக்குறைய ஒப்பானது. குளியாள் உயிரைப் பணயம் வைத்துத் தாங்கிய விசையை நாம் ஒரு சிறு குழாய்க்குள் அடக்கி வேலை வாங்குகின்றோம்.

காற்றை அமுக்குவதற்கு ஒரு சிறிய மோட்டாரும், அது சுழற்றும் வளைந்த அச்சும், அந்த அச்சு முன்னும் பின்னும் அசைக்கும் பம்பும் வேண்டும். காற்று திரும்பி வராமல் தடுக்க ஒருவழி வால்வும், சேமித்து வைக்கச் சிறு தொட்டியும் வேண்டும். தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் குழாய் கழன்றுவிடும். ஆகவே ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டிய ஓர் உருளையைத் தொட்டியோடு இணைப்பார்கள். அழுத்தம் ரப்பரின் இழுப்பை வென்றவுடன் தண்டு நகர்ந்து மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிடும். அடுப்பில் உள்ள குக்கரின் குண்டு நீராவியின் அழுத்தத்தை அளந்து எழுவதைப்போல, ரப்பர் வளையம் இங்கே காற்றின் அழுத்தத்தை அளக்கின்றது.

தொட்டியில் இருந்து உருளைக்குப் போகும் வழியில் நிற்பது வால்வு. அதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் காற்று தண்டின் அடியில் புகுந்து கையை உயர்த்தும். மறுபக்கம் திருப்பினால் மேற்புறம் புகுந்து தாழ்த்தும். நடுவில் நிறுத்தினால் இரு வழியும் அடைபட்டுக் கை நின்ற இடத்தில் நிற்கும். எனினும் காற்று பஞ்சு போன்றது. சுமையைத் திடீரென விடுவித்தால் கை துள்ளும். ஆதலால் கனரகக் கிரேன்களில் காற்றுக்குப் பதிலாக, அமுங்காத எண்ணெயைப் பயன்படுத்துகின்றார்கள். நியூகாசில் நகரத் துறையில் 1846-இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய கிரேன் நீரின் அழுத்தத்தால் இயங்கியது. அவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். காற்றுக்கு வேறு இடம் உண்டு. பேருந்து நின்றவுடன் “புஸ்” என்று ஓசை கேட்கின்றதே, அது காற்றுத் தடையில் இருந்து வெளியேறும் காற்று. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயில்களுக்காக உருவாக்கிய தடையின் வழிவந்ததே அதுவும்.

இனித் தொலைக்கட்டுப்பாடு. நம் லாரிக்கு எத்தனை இயக்கங்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஓடுவது ஒன்று, திரும்புவது இரண்டு, கிரேன் சுழல்வது மூன்று, கீழ்க்கை நான்கு, மேல்கை ஐந்து, நுனியில் பற்றும் இடுக்கி ஆறு, தாங்குகால்கள் ஏழு. 2007-இல் லெகோவில் வந்த அகச்சிவப்புக் கதிர் முறையில் நான்கு அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இணைப்புகள், ஆக எட்டு இயக்கங்கள். எட்டாம் இடத்தைக் காற்றமுக்கும் மோட்டாருக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அகச்சிவப்புக் கதிர் நேர்ப்பார்வையில் மட்டுமே செல்லும். நம் ஊர் உச்சி வெயிலில் தடுமாறும். 2019 முதல் இத்தகைய வண்டிகளுக்கு வந்துள்ள புளூடூத் முறை வானொலி அலையால் இயங்குவது. வெயில் அதற்குத் தடையன்று. எம்முறையாயினும், காற்றின் வால்வைத் திருப்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மோட்டார் தேவை. அது குறித்த கோணம் திரும்பி நிற்கவும், விரலை எடுத்தவுடன் நடுநிலைக்கு வரவும் வேண்டும். இதற்கென உள்ளது செர்வோ மோட்டார். மோட்டார் சுமையைத் தூக்குவதில்லை. தூக்கும் காற்றுக்கு வழியைத் திறந்துவிடுகின்றது. சிறு விசையால் பெருவிசையை ஆளும் இம்முறையே பெரிய ஆலைகளிலும் கையாளப்படுகின்றது.

இறுதியாக, வண்டி கவிழாதிருக்க வேண்டும். வண்டியின் எடை 800 கிராம், சக்கரங்கள் நடுவில் இருந்து பக்கத்திற்கு 6 செ.மீ. என்று கொள்வோம். 280 கிராம் சுமை பக்கவாட்டில் 24 செ.மீ. தூரத்தில் தொங்கினால், சக்கரத்திற்கு வெளியே அதன் தூரம் 18 செ.மீ. 280-ஐ 18-ஆல் பெருக்க 5040. வண்டியைப் பிடித்து நிறுத்தும் பக்கம் 800-ஐ 6-ஆல் பெருக்க 4800. கவிழ்க்கும் பக்கம் பெரிது, வண்டி சாய்ந்துவிடும். இப்போது 12 செ.மீ. நீளும் தாங்குகாலை ஊன்றுங்கள். சுமையின் பக்கம் 280 பெருக்கல் 12, அதாவது 3360. வண்டியின் பக்கம் 800 பெருக்கல் 12, அதாவது 9600. வண்டி அசையாது. எடையில் ஒரு கிராமும் கூட்டவில்லை. ஊன்றும் இடத்தை மட்டுமே மாற்றினோம். சாலையில் நிற்கும் கிரேன் லாரி சுமையைத் தொடுவதற்கு முன் கால்களை ஊன்றுவதன் காரணம் இதுவே.

இக்கட்டைகளின் விலை நம் வீடுகளுக்கு எட்டாது என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகின்றது. உண்மைதான். ஆனால் அறிவு கட்டையில் இல்லை; மேலே சொன்ன கணக்கில் இருக்கின்றது. ஊசி நீக்கிய புதிய சிரிஞ்சுகள், மெல்லிய குழாய், அட்டை, மூங்கில் குச்சி, மிதிவண்டி ஆரக்கம்பி ஆகியவற்றால் இதே கிரேனைச் செய்யலாம். குழாயில் காற்றை அடைத்துப் பாருங்கள், கை துள்ளும்; நீரை நிரப்பிப் பாருங்கள், கை சீராக உயரும். சிறிய சிரிஞ்சை அழுத்திப் பெரியதை நகர்த்துங்கள், விசை கூடித் தூரம் குறையும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த விதி அப்போது விரல் நுனியில் தெரியும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, எறியும் பொருள்களால் இத்தகைய கருவிகளைச் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2016-இல் மைய அரசு தொடங்கிய அடல் திட்டத்தின்கீழ் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பல பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. உங்கள் பள்ளியில் இருந்தால் அதன் கதவைத் தட்டுங்கள். உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இத்தனை நேரம் சொன்ன நுட்பங்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்கு ஒரு சான்று காட்டுகின்றேன். 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் நச்சுக் காற்றால் மாண்டனர். அந்தத் துயரம் கேரளத்துப் பொறியியல் இளைஞர் சிலரின் உள்ளத்தைத் தைத்தது. ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய அவர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்னும் இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் கைகால்கள், வெளியே நின்று திரையில் பார்த்து இயக்கும் தொலைக்கட்டுப்பாடு, உள்ளிருக்கும் கழிவை அள்ளித் தூக்கும் வாளி. நம் பொம்மை லாரியில் உள்ள உறுப்புகளே அதிலும் இருப்பதைக் காண்கிறீர்கள் அல்லவா? அதே ஆண்டில் நம் கும்பகோணம் நகராட்சிக்கும் அவ்வியந்திரம் வந்தது. மலக்குழிகளுக்கென ஹோமோசெப் என்னும் இயந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி 2022-இல் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது.

மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-இல் ஆணையிட்டது. அதன் பின்னரும் சாவுகள் நிற்கவில்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் இருந்தும் இயந்திரம் இல்லாத இடத்தில், ஒப்பந்தக்காரர் மனிதனையே இறக்குகின்றார். இயந்திரம் இருந்தும் அதனை இறக்கும் மனம் இல்லாத இடத்திலும் அப்படியே. ஆகவே அறிவும் வேண்டும், அதனைப் பயன்படுத்தச் செய்யும் ஒற்றுமையும் வேண்டும்.

இங்கே மற்றொரு கவலையையும் மறைக்காமல் பேச வேண்டும். இயந்திரம் வந்தால் சுமை போகும். சுமையோடு கூலியும் போய்விடாதா என்று உப்பளத்துத் தாய்மார்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானது. துறைமுகத்தில் பெட்டகம் வந்தபோது மூட்டை சுமந்தவர்களுக்கு வேலை சுருங்கியது. இயந்திரம் வராமல் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. தலைச்சுமையை நிலைநிறுத்தவும் நாம் விரும்பவில்லை. பாண்டிகூட் இயந்திரத்தை இயக்கத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பயிற்சி அளிக்கப்பட்டது. குழிக்குள் இறங்கியவர் வெளியே நின்று பொத்தானை அழுத்துபவர் ஆனார். இதுவே நாம் கேட்க வேண்டிய மாற்றம். யார் சுமந்தார்களோ அவர்களுடைய பிள்ளைகளே இயக்குபவர்களாகவும், பழுது பார்ப்பவர்களாகவும், வடிவமைப்பவர்களாகவும் வரவேண்டும். வராவிட்டால் சுமை நம்மை விட்டுப் போகும். அதற்கு மாற்றாக ஒன்றும் நம்மிடம் வந்து சேராது.

அண்ணல் அம்பேத்கர் இதனை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற 1942-ஆம் ஆண்டிலேயே, ஒடுக்கப்பட்ட மக்களின் குறைகளை எழுதி வைசிராயிடம் அளித்தார். அதில், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயில நம் மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும் என்று வற்புறுத்தினார். பட்டம் பெற்று அலுவலகத்தில் அமர்வது ஒரு முன்னேற்றம்தான். ஆயினும் இயந்திரங்களை ஆளும் அறிவு எட்டாத சமுதாயம் மற்றவர் வடிவமைத்த உலகில் கூலியாகவே நிற்க நேரும் என்பதே அக்கோரிக்கையில் நான் காணும் பாடம்.

ஆகவே இச்சங்கத்திற்கு என் வேண்டுகோள்கள் மூன்று. சங்கக் கட்டடத்தில் ஓர் அறையில் ஒரு நீண்ட மேசையும், சில கைக்கருவிகளும் வைத்து, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஆலைகளிலும் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் வாரம் ஒருநாள் அங்கே வந்து தாம் அறிந்ததைக் கற்றுக்கொடுங்கள். நல்ல ஃபிட்டரின் கை அறிந்ததைப் பல நூல்கள் அறியா. மூன்றாவதாக, அந்த மேசையில் நம் தங்கைகளுக்குச் சரிபாதி இடம் கொடுங்கள். உப்பளத்துச் சுமையில் பெண்களுக்குப் பங்கு கொடுத்த நாம், கருவியறிவில் பங்கு கொடுக்கத் தயங்கலாகாது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை தருகின்றேன். அடுத்த ஆண்டு விழாவிற்குள், ஐந்து ஐந்து பேராகக் கூடி, கட்டையாலோ அட்டையாலோ ஒரு கிரேன் லாரி செய்து இந்த மேடைக்குக் கொண்டு வாருங்கள். அரைக் கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றை அது தரையில் இருந்து எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். நான் மேலே சொன்ன அளவுகளில் அது தூக்காது. 280 கிராமோடு நின்றுவிடும். உருளையின் விட்டத்தைக் கூட்டுவதா, கையின் நீளத்தைக் குறைப்பதா, இரண்டு உருளைகளை இணைப்பதா, தாங்குகாலை எவ்வளவு நீட்டுவது என்பதை நீங்களே கணக்கிட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வண்டியோடு அந்தத் தாளையும் நாங்கள் பார்ப்போம்.